வெனிஸில் மூன்று நாள்: மிளகுச் சந்தையில் ஆரம்பியுங்கள்

எங்கள் ஆபீஸில் இருந்து இத்தாலிக்கு புராஜெக்ட் வேலையாகப் போகிறவர்கள் அதிகம். மிலானில் வாரக்கணக்கில் குப்பை கொட்டிவிட்டு, சனி ஞாயிறுக்கு எங்கேயாவது போகலாம் என்று யோசித்தால் முதலில் வாயில் வருகிற பெயர் வெனிஸ்தான். ரயிலில் இரண்டரை மணி நேரம். காலையில் போய் இறங்கி, படகில் ஒரு ரவுண்டு, சதுக்கத்தில் நாலு போட்டோ, வீட்டுக்கு ஒரு முகமூடி. சாயங்கால ரயிலைப் பிடித்தால் ராத்திரி சாப்பாட்டுக்கு ரூமுக்கு வந்துவிடலாம். "வெனிஸ் முடிச்சாச்சு பாஸ்!"

முடிக்கலாம். ஆனால் அது கல்யாணத்துக்குப் போய், மொய் எழுதிவிட்டு, பந்தியில் உட்காராமல் திரும்பி வருகிற கதை. மொய் என்னவோ கொடுத்தாகிவிட்டது, வயிறு காலி.

என்னிடம் யோசனை கேட்பவர்களிடம் நான் சொல்வது இரண்டே விஷயம். ஒன்று, மூன்று நாள் ஒதுக்குங்கள். இரண்டு, எல்லோரும் முதலில் ஓடுகிற சான் மார்க்கோ சதுக்கத்தை இரண்டாம் நாளுக்குத் தள்ளிப் போடுங்கள். அந்த ஊர் வளர்ந்த வரிசையிலேயே அதைப் பார்த்தால்தான், ஏன் அப்படிக் கட்டினார்கள், ஏன் இன்று அது காலியாகிக்கொண்டு இருக்கிறது என்பது புரியும். முதலில் சந்தை, பிறகு அரண்மனை, கடைசியில் செத்துப்போன ஒரு தீவு. இதுதான் என் வரிசை. ஏன் என்று விளக்குகிறேன்.

நிலமே இல்லாத நாடு

ஆங்கிலத்தில் லகூன் என்கிறார்களே, அதற்கு நம்மிடம் காயல் என்று அழகான சொல் இருக்கிறது. வெனிஸ் ஒரு காயலுக்குள் இருக்கிறது. நூற்றுப்பதினெட்டு தீவுகள் என்று கணக்குச் சொல்வார்கள். நானூறுக்கும் மேற்பட்ட பாலங்கள். ஊர் பிறந்த தேதி 421 மார்ச் 25 என்று ஒரு ஐதீகம் உண்டு. அதைச் சரித்திரம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நடந்தது இதுதான். ரோமப் பேரரசு உடைந்து, வடக்கே இருந்து படைமேல் படையாக வந்தபோது, கரையில் இருந்த ஊர்க்காரர்கள் சேற்றுத் தீவுகளுக்குத் தப்பி ஓடினார்கள். 568இல் லம்பார்டுகள் வந்த பிறகு, ஓடியவர்கள் திரும்பவே இல்லை.

அங்கே என்ன இருந்தது? மீனும் உப்பும். வயல் கிடையாது. குடிக்கத் தண்ணீர் கிடையாது. கட்டடம் கட்டக் கல் கிடையாது. வேறு யாராவது இருந்திருந்தால் ஆபத்து நீங்கியதும் ஊரைப் பார்க்கக் கிளம்பியிருப்பார்கள். இவர்கள் உப்பை விற்று அரிசி பருப்பு, சாரி, கோதுமை வாங்கினார்கள். :-) எதுவுமே விளையாத ஊருக்கு வியாபாரம் செய்வது ஆசை அல்ல, கட்டாயம்.

வீடு கட்டிய விதத்தைக் கேளுங்கள். சேற்றுக்கு அடியில் கெட்டியான களிமண் அடுக்கு இருக்கிறது. அதுவரை மரக் கம்பங்களை நெருக்கமாக அடித்து இறக்கினார்கள். மேலே பலகை, அதன் மேல் தண்ணீருக்கு அசராத இஸ்த்ரியாக் கல், அதன் மேல் செங்கல் சுவர். மரம் மக்கிவிடாதா? காற்றுப் படாமல் சேற்றுக்குள்ளேயே இருப்பதால் நூற்றாண்டுக் கணக்கில் நிற்கிறது. காற்றும் தண்ணீரும் மாறி மாறிப் படும் இடத்தில் கல்லை வைத்தார்கள். அதுதான் சூட்சுமம்.

தண்ணீருக்கு என்ன செய்தார்கள்? ஊருக்குள் நடக்கும்போது ஒவ்வொரு சின்னச் சதுக்கத்தின் நடுவிலும் செதுக்கிய கல் கிணறு ஒன்று இருக்கும். அது நம் கிணறு மாதிரி ஊற்றுக் கிணறு அல்ல. சதுக்கம் முழுக்கத் தோண்டி, சுற்றிலும் களிமண் பூசி, உள்ளே மணல் நிரப்பி, நடுவில் கிணற்றுக் குழாய். சதுக்கத்தில் பெய்யும் மழை, தரையில் உள்ள ஓட்டைகள் வழியாக மணலில் வடிகட்டிக் கிணற்றுக்கு வரும். அதாவது நீங்கள் நிற்கிற சதுக்கமே ஒரு மழைநீர்த் தொட்டி. 1884இல் குழாய்த் தண்ணீர் வரும் வரை ஊர் பிழைத்தது இதில்தான். இந்தியாவில் எத்தனையோ ஊர்களில் தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் அபார்ட்மென்ட் ஜனங்கள் (நான் இருக்கும் புனே உட்பட) அந்தக் கிணற்றைக் கொஞ்ச நேரம் நின்று பார்க்கலாம்.

முதல் நாள்: ரியால்டோ

சாந்தா லூசியா ஸ்டேஷனில் இறங்குங்கள். அதற்கு முந்தின மெஸ்த்ரேயில் இறங்கிவிடாதீர்கள், அது கரையில் இருக்கிறது. ரயில் கடல்மேல் போகிறதே, அந்தப் பாலம் 1846இல் ஆஸ்திரிய ஆட்சியில் வந்தது. அதுவரை இந்த ஊருக்குப் படகில் மட்டும்தான் வர முடியும். கார் வரும் பாலம் 1933இல்தான்.

ஸ்டேஷன் வாசலிலேயே வபொரெட்டோ என்கிற தண்ணீர் பஸ் நிற்கும். ஒன்றாம் நம்பரில் ஏறுங்கள். எல்லா நிறுத்தத்திலும் நின்று நிதானமாகப் போகும். கிராண்ட் கனால் இரண்டு பக்கமும் மாளிகைகள். அவற்றைக் கவனித்தால் தெரியும், தண்ணீர்ப் பக்கம்தான் முன்வாசல். கீழ்த்தளம் சரக்கு இறக்கும் கிடங்கு, மேலே கணக்கு எழுதும் அறை, அதற்கும் மேலே குடும்பம். பிரபு வீடு என்று நாம் நினைப்பது உண்மையில் கடையும் குடோனும் சேர்ந்த வீடு.

ரியால்டோவில் இறங்குங்கள். இப்போதுள்ள கல் பாலம் 1588 முதல் 1591 வரை கட்டியது. அதில் ஏறி எல்லோரும் போட்டோ எடுப்பார்கள், நீங்களும் எடுங்கள். பிறகு சந்தைப் பக்கம் இறங்குங்கள். சான் ஜாக்கோமோ என்று ஒரு சின்னத் தேவாலயம். அதன் பின்சுவரில் வியாபாரிகளுக்கு ஒரு பழைய அறிவிப்பு வெட்டியிருக்கிறது: எடை சரியாக இருக்கட்டும், பேச்சு சுத்தமாக இருக்கட்டும் என்கிற பொருளில். மீன் மார்க்கெட் பக்கம் போனால் இன்னொரு கல்வெட்டு. எந்தெந்த மீன் எத்தனை நீளத்துக்குக் கீழே இருந்தால் விற்கக்கூடாது என்கிற பட்டியல். குஞ்சு மீனைப் பிடித்துத் தின்றுவிட்டால் நாளைக்கு மீன் இருக்காது என்பதைக் கல்லில் எழுதி வைத்த ஊர். இந்தப் பட்டியலை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் வேண்டியிருக்கும்.

இந்த இடத்தில்தான் நம்ம மிளகு வருகிறது. மலபார்க் கரையில் ஏற்றிய மிளகு அரபிக் கடல் தாண்டி, செங்கடல் வழியாக எகிப்து போய், அலெக்சாண்ட்ரியாவில் வெனிஸ்காரன் கைக்கு வரும். அரசாங்கமே கப்பல் கட்டி, ஒவ்வொரு வருஷமும் அந்தப் பயணங்களை வியாபாரிகளுக்கு ஏலம் விட்டது. கூட்டமாகப் போய்க் கூட்டமாக வரவேண்டும், பாதுகாப்புக்காக. வந்த சரக்கு ரியால்டோவில் இறங்கும். பாலத்துக்குப் பக்கத்திலேயே ஃபொன்டாகோ தேய் தெதெஸ்கி என்ற பெரிய கட்டடம் இருக்கிறது. ஜெர்மன் வியாபாரிகள் அங்கேதான் தங்க வேண்டும், அங்கேதான் வாங்கி விற்க வேண்டும், அரசாங்கத் தரகர் கூடவே இருப்பார். வரி தப்பிக்கவே முடியாது. 1505இல் தீப்பிடித்து, மூன்றே வருஷத்தில் மறுபடி கட்டியது. ஃபொன்டாகோ என்ற சொல்லே சத்திரம் என்று பொருள்படும் ஃபுந்துக் என்ற அரபுச் சொல்லில் இருந்து வந்தது. யாரிடம் வியாபாரம் செய்தார்களோ அவர்கள் சொல்லையும் சேர்த்து இறக்குமதி செய்திருக்கிறார்கள்.

மிளகுக்கு எதைக் கொடுத்தார்கள்? பெரும்பாலும் வெள்ளியும் தங்கமும். 1284இல் வெனிஸ் தன் தங்க டுகாட் காசை அடித்தது. மூன்றரை கிராம், ஏறக்குறையச் சுத்தத் தங்கம். ஐந்நூறு வருஷத்துக்கும் மேலாக, 1797இல் குடியரசு முடிகிற வரை எடையையும் தரத்தையும் மாற்றவே இல்லை. அதனால் எந்த ஊரிலும் செல்லும். தென்னிந்தியாவுக்கும் வந்து குவிந்தது. ஓட்டை போட்டு நகையாகக் கோத்தார்கள். காசின் ஒரு பக்கத்தில் வெனிஸின் தலைவர் டோஜ் மண்டியிட்டு, புனித மார்க்கிடம் இருந்து கொடிக்கம்பை வாங்குகிற படம். நம்ம ஊர்க் கண்ணுக்கு அது மரத்தடியில் ஏறத் தயாராகும் பனையேறி மாதிரித் தெரிந்திருக்கிறது! அதனால் அதற்குச் 'சாணார் காசு' என்றே பெயர் விழுந்தது. (பழைய ஆவணங்களில் இருக்கும் பெயர், அப்படியே சொல்கிறேன்.) சென்னை மியூசியத்தில் இருந்த எட்கர் தர்ஸ்டன் இதைப் பதிவு செய்திருக்கிறார். வெனிஸின் புனிதரும் தலைவரும் நம் பக்கம் வந்து பனையும் பனையேறியுமாக மாறிவிட்டார்கள். உலகமயமாக்கல் என்று இப்போதுதான் கண்டுபிடித்த மாதிரி பேசுகிறோம்.

ரியால்டோவில் இருந்து நாலு சந்து தள்ளிப் போனால் கொர்த்தே தெல் மிலியோன் என்ற முற்றம். மார்க்கோ போலோ குடும்பத்து வீடு இருந்த இடம். 1271இல் கிளம்பி 1295இல் திரும்பி வந்தவர். வரும் வழியில் பாண்டிய நாட்டுக் கரையைத் தொட்டு, தாமிரபரணி கடலில் சேரும் இடத்துக்கு அருகில் இருந்த காயல் துறைமுகத்தைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். முத்துக் குளிப்பதையும், அரபுக் குதிரைகள் கப்பல் கப்பலாக வந்து இறங்குவதையும் வியாபாரி கண்ணால் பார்த்துச் சொன்னவர். ஒரு காயல்காரர் இன்னொரு காயலைப் பார்த்திருக்கிறார்.

1498இல் வாஸ்கோ ட காமா கள்ளிக்கோட்டைக்கு வந்துவிட்டார். 1501இல் போர்ச்சுகல் கப்பல்கள் மிளகோடு லிஸ்பன் திரும்பிய சேதி ரியால்டோவுக்கு வந்தபோது சந்தை ஆடிப்போனது. ஜிரோலாமோ ப்ரியுலி என்ற வியாபாரி தன் நாட்குறிப்பில், சுதந்திரத்தை இழப்பது தவிர இதைவிட மோசமான சேதி இந்த ஊருக்கு வந்ததில்லை என்கிற ரீதியில் புலம்பியிருக்கிறார். வெனிஸ் சும்மா இருக்கவில்லை. எகிப்து சுல்தானிடம் தூது போனார்கள். செங்கடலையும் மத்தியதரைக் கடலையும் இணைத்துக் கால்வாய் வெட்டலாமா என்கிற யோசனைகூட 1504இல் எழுந்தது. சூயஸ் கால்வாய்க்கு முந்நூற்றறுபது வருஷம் முன்னால்!

பள்ளிக்கூடப் புத்தகம் இதோடு வெனிஸ் கதையை முடித்துவிடும். அது சரியல்ல. போர்ச்சுகீசியர்களால் செங்கடல் வழியை முழுசாக அடைக்க முடியவில்லை. பதினாறாம் நூற்றாண்டின் நடுவில் அலெக்சாண்ட்ரியா வழி மிளகு மறுபடி பழைய அளவுக்கு வந்துவிட்டது. உண்மையில் அந்த வியாபாரத்துக்கு முடிவு கட்டியது அடுத்த நூற்றாண்டில் வந்த டச்சுக்காரர்களும் ஆங்கிலேயர்களும்தான். ஆகவே வெனிஸ் ஒரே நாளில் விழவில்லை. நூறு வருஷம் தாக்குப்பிடித்து, கண்ணாடி, பட்டு, அச்சுப் புத்தகம் என்று வேறு வேறு தொழிலுக்கு மாறியபடியே மெதுவாக இறங்கியது.

இரண்டாம் நாள்: சான் மார்க்கோ

இப்போது சதுக்கத்துக்குப் போகலாம். காலை எட்டு மணிக்குள் போய்விடுங்கள். பத்து மணிக்கு மேல் ரங்கநாதன் தெரு தீபாவளி சீசன்தான்.

பணம் சேர்ந்தால் அடுத்து கௌரவம் வேண்டும். 828இல் இரண்டு வெனிஸ் வியாபாரிகள் அலெக்சாண்ட்ரியாவில் இருந்து புனித மார்க்கின் உடலைக் கடத்தி வந்தார்கள். சுங்க அதிகாரிகள் தொடமாட்டார்கள் என்று மேலே பன்றிக் கறியை மூடி எடுத்து வந்ததாகக் கதை. தேவாலயத்துக்குள் இருக்கும் மொசைக்கில் இதைப் பெருமையாகப் படமாகவே போட்டிருக்கிறார்கள்!

தேவாலய முகப்பில் நாலு வெண்கலக் குதிரைகள். 1204இல் நாலாவது சிலுவைப் போர்ப் படை, முஸ்லிம்களோடு சண்டை போடக் கிளம்பி, கடைசியில் கிறிஸ்தவ நகரமான கான்ஸ்டான்டிநோபிளைக் கொள்ளையடித்தது. கப்பல் கொடுத்தது வெனிஸ். கூடப் போனவர் என்ரிகோ தாந்தோலோ, பார்வை போன கிழட்டு டோஜ். குதிரைகள் அந்தக் கொள்ளையில் வந்தவை. 1797இல் நெப்போலியன் அவற்றைப் பாரிசுக்குக் கொண்டுபோனார், 1815இல் திரும்பி வந்தன. வெளியே நிற்பவை நகல், அசல் உள்ளே மியூசியத்தில். தெற்கு மூலையில் கட்டிப்பிடித்து நிற்கும் நாலு செந்நிறக் கல் அரசர்களும் அதே கொள்ளைதான். அதில் ஒருவருக்கு ஒரு பாதம் கிடையாது. காணாமல் போன துண்டு 1960களில் இஸ்தான்புல்லில் தோண்டும்போது கிடைத்தது. திருட்டுக்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா?

பக்கத்தில் டோஜின் அரண்மனை. அரண்மனை என்ற பெயரைப் பார்த்து ராஜா என்று நினைக்கவேண்டாம். டோஜ் ஆயுள் முழுக்கத் தலைவர், ஆனால் கையைக் கட்டிப்போட்ட தலைவர். 1268 முதல் அவரைத் தேர்ந்தெடுத்த முறை தலையைச் சுற்றும். சீட்டுக் குலுக்கி 30 பேர், அவர்களில் குலுக்கி 9 பேர், இந்த 9 பேர் 40 பேரைத் தேர்ந்தெடுக்க, அதில் குலுக்கி 12, அவர்கள் தேர்ந்தெடுக்கும் 25, குலுக்கி 9, தேர்ந்தெடுக்கும் 45, குலுக்கி 11, தேர்ந்தெடுக்கும் 41. இந்த 41 பேர்தான் டோஜைத் தேர்ந்தெடுப்பார்கள்! எந்தக் குடும்பமும் முன்கூட்டியே ஆள் பிடித்து வைக்க முடியாது என்பதுதான் நோக்கம்.

மகா சபை மண்டபத்தில் மேலே சுற்றிலும் டோஜ்களின் படங்கள். ஒரே ஒரு இடத்தில் மட்டும் கறுப்புத் துணி வரைந்திருக்கும். 1355இல் மரீனோ ஃபாலியேரோ என்ற டோஜ் தானே ராஜாவாகச் சதி செய்து, தலை வெட்டப்பட்டார். அவர் இடத்தை வேறு யாருக்கும் கொடுக்காமல், மூடியே வைத்திருக்கிறார்கள், மறக்கக்கூடாது என்பதற்காக.

ஆனால் இதே மண்டபம்தான் ஊரின் பலவீனமும். 1297இல் சபையின் கதவைச் சாத்தினார்கள். அன்று உள்ளே இருந்த குடும்பங்களின் வாரிசுகளுக்கே பெரும்பாலும் இடம். புது ரத்தம் குறைந்தது. கடலில் துணிந்து போன குடும்பங்கள் மெல்ல மெல்ல நிலம் வாங்கி வாடகை வசூலிக்க ஆரம்பித்தன. 1797 மே 12, நெப்போலியன் படை கரைக்கு வந்து நிற்கிறது. சபை கூடியது. தீர்மானம் செல்ல 600 பேர் வேண்டும், அத்தனை பேர்கூட வரவில்லை. ஆனாலும் வாக்கெடுத்து, ஆயிரம் வருஷக் குடியரசைத் தாங்களே கலைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். கடைசி டோஜ் லுதோவிகோ மானின். அதே வருஷம் நெப்போலியன் ஊரை ஆஸ்திரியாவுக்குக் கொடுத்துவிட்டார். இத்தாலியோடு சேர்ந்தது 1866இல்.

அரண்மனைக்கு எதிரே மார்ச்சியானா நூலகம். பக்கத்துக் கட்டடம்தான் டுகாட் அடித்த பழைய நாணயச்சாலை. நூலகச் சேமிப்பில் நமக்குச் சம்பந்தப்பட்ட ஒன்று இருக்கிறது. நிக்கோலோ மனுச்சி என்ற வெனிஸ் பையன், பதின்ம வயதில் வீட்டை விட்டுக் கப்பல் ஏறி, 1656இல் இந்தியா வந்து, தாரா ஷுகோவிடம் பீரங்கிப் படையில் இருந்து, பிறகு வைத்தியர் வேஷம் கட்டி, கடைசியில் சென்னைக்கு வந்து குடியேறினார். கோட்டையில் இருந்த ஆங்கில கவர்னர் தாமஸ் பிட்டுக்காக மொகலாயத் தளபதி தாவூத் கானிடம் தூது போனவர். முகலாயர் சரித்திரத்தை அரட்டை அடிக்கிற மாதிரி எழுதி, பிறந்த ஊருக்கு அனுப்பி வைத்தார். அந்தக் கையெழுத்துப் பிரதிகள் இங்கே இருக்கின்றன. அவர் மட்டும் ஊர் திரும்பவே இல்லை. பிழைக்க வந்த ஊரிலேயே முடிந்துபோனவர்களின் பட்டியலில் அவரும் ஒருவர். நம்மைப் போன்றவர்களுக்கு அந்தப் பட்டியல் கொஞ்சம் உறுத்தும்.

மத்தியானம் கிழக்கே பத்து நிமிஷம் நடந்தால் அர்செனாலே, கப்பல் கட்டும் தளம். இந்தப் பெயரும் அரபுதான், தொழிற்சாலை என்று பொருள். ஹென்றி ஃபோர்டுக்கு நூற்றாண்டுகள் முன்பே ஒரே அளவுப் பாகங்களைச் செய்து அடுக்கிவைத்து, வரிசையாகப் பொருத்தினார்கள். 1574இல் பிரெஞ்சு ராஜா மூன்றாம் ஹென்றி வந்தபோது, அவர் விருந்து முடிப்பதற்குள் ஒரு கப்பலைப் பொருத்திக் காட்டினார்கள் என்பார்கள். பெரும்பகுதி கடற்படை வசம், மீதி கலைக் கண்காட்சிக்கு. வாசலில் நிற்கும் சிங்கங்கள் கிரேக்கத்தில் இருந்து எடுத்து வந்தவை. (இந்த ஊரில் 'எங்கிருந்து எடுத்து வந்தது' என்று கேட்டுக்கொண்டே நடக்கலாம்.)

சாயங்காலம் எதிர்க்கரையில் சலூட்டே தேவாலயம். 1630-31 கொள்ளை நோயில் ஊரில் மூன்றில் ஒருவர் போய்விட்டார்கள். நோய் நின்றால் கோயில் கட்டுகிறோம் என்று நேர்ந்துகொண்டு கட்டியது. இன்றும் நவம்பர் 21 அன்று கிராண்ட் கனாலின் மேல் தற்காலிகப் பாலம் போட்டு ஊரே நடந்து போகும். கொரோனா காலத்தில் நாம் கற்றுக்கொண்ட 'குவாரன்டைன்' என்ற சொல் இவர்கள் பாஷையில் நாற்பது நாள் என்பதில் இருந்து வந்ததுதான். 1423லேயே நோயாளிகளுக்குத் தனித் தீவு ஒதுக்கிய ஊர் இது.

மூன்றாம் நாள்: கெட்டோவும் தோர்செல்லோவும்

காலையில் ஸ்டேஷனுக்கு வடக்கே கன்னரேஜோ பகுதி. 1516இல் யூதர்கள் எல்லோரும் ஒரே ஒரு தீவில்தான் வசிக்கவேண்டும் என்று உத்தரவு போட்டார்கள். ராத்திரி வாயிலைப் பூட்டிவிடுவார்கள். காவலுக்கு ஆகும் செலவையும் அவர்களே தரவேண்டும். அந்த இடத்தில் முன்பு உலோகம் வார்க்கும் பட்டறை இருந்தது. அதன் பெயர்தான் கெட்டோ. அந்தச் சொல் உலகம் பூராவும் போய் என்ன பொருளில் நிற்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். இடம் போதாமல் மேலே மேலே கட்டினார்கள், அதனால் அங்கே மட்டும் வீடுகள் ஏழு எட்டு மாடி, குள்ளமான கூரை. 1797இல் வாயிற்கதவுகளை எரித்தார்கள். 1943-44இல் இருநூறுக்கும் மேற்பட்ட வெனிஸ் யூதர்களை நாஜிகள் பிடித்துக்கொண்டு போனார்கள். சதுக்கத்துச் சுவரில் நினைவுச் சின்னம் இருக்கிறது. வெனிஸை வெறும் அழகு என்று எழுதுபவர்கள் இந்தச் சதுக்கத்தைத் தாண்டித்தான் எழுத வேண்டும்.

அங்கிருந்து நடந்து ஃபொந்தமெந்தே நோவே படகுத்துறை. முரானோ வழியாக புரானோ, அங்கிருந்து தோர்செல்லோ. முரானோ கண்ணாடித் தீவு. உலைகளால் ஊர் தீப்பிடிக்கும் என்று பயந்து 1291இல் கண்ணாடிப் பட்டறைகளை அங்கே மாற்றினார்கள். நேரம் இல்லையென்றால் முரானோவை விடுங்கள், தோர்செல்லோவை விடாதீர்கள்.

தோர்செல்லோவில் 'பார்க்க' அதிகம் கிடையாது. புல், ஒரு வாய்க்கால், இரண்டு மூன்று சாப்பாட்டுக் கடை, 639இல் தொடங்கிய ஒரு கதீட்ரல், அதற்குள் கடைசித் தீர்ப்பு நாளைக் காட்டும் பிரமாதமான மொசைக். ஒரு காலத்தில் இது வெனிஸுக்கே அண்ணன். ஆயிரக்கணக்கில் ஜனம், கம்பளி நெசவு, துறைமுகம், பிஷப். ஆறுகள் கொண்டுவந்த வண்டல் படகு வழியை மூடியது. தேங்கிய தண்ணீரில் மலேரியா வந்தது. ஜனங்கள் ஒவ்வொரு குடும்பமாகக் கிளம்பினார்கள். போனவர்கள் வீட்டுக் கல்லை மற்றவர்கள் பெயர்த்து வெனிஸில் கட்டடம் கட்டினார்கள். இன்று அங்கே நிரந்தரமாக வசிப்பவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான்.

வெனிஸ் இதைக் கண்முன்னே பார்த்தது. பயந்தது. 1501இல் தண்ணீருக்கென்றே தனி அதிகார அமைப்பை ஏற்படுத்தியது. ப்ரெந்தா, பியாவே, சீலே ஆறுகளை நூறு இருநூறு வருஷம் மெனக்கெட்டு காயலுக்கு வெளியே திருப்பிவிட்டது. காயல் நிலமாகிவிட்டால் ஊர் செத்துவிடும் என்று தெரிந்த ஜனம்.

இப்போது யார் போகிறார்கள்?

1951இல் வெனிஸ் தீவு நகரில் ஏறக்குறைய 1,75,000 பேர் வசித்தார்கள். 2022இல் அது 50,000க்குக் கீழே போய்விட்டது. ரியால்டோவுக்குப் பக்கத்தில் ஒரு மருந்துக்கடைக் கண்ணாடியில் 2008 முதல் இந்த எண்ணிக்கையைக் காட்டும் பலகை வைத்தார்கள். 2023இல் சுற்றுலாக்காரர்களுக்கான படுக்கைகள், குடியிருப்பவர்களின் எண்ணிக்கையைத் தாண்டின. கீழ்வீடு ஹோட்டல், மேல்வீடு வாடகை அறை என்றால் மளிகைக் கடைக்கு யார் வருவார்கள்? மளிகைக் கடை முகமூடிக் கடை ஆகும். முதல் நாள் பார்த்த ஃபொன்டாகோ கட்டடம் ரொம்ப காலம் தபாலாபீஸாக இருந்தது. 2016இல் வெளிநாட்டுக்காரர்களுக்கான ஆடம்பரக் கடையாகத் திறந்தார்கள், 2025இல் அதையும் மூடிவிட்டார்கள்.

தண்ணீரும் விடவில்லை. 1966 நவம்பர் 4 அன்று 194 சென்டிமீட்டர் வெள்ளம். 2019 நவம்பர் 12 அன்று 187. காயலின் மூன்று வாய்களில் 78 இரும்புக் கதவுகள் கொண்ட மோசே தடுப்பை 2003இல் கட்ட ஆரம்பித்து, இடையில் 2014இல் ஊழல் வழக்கில் பெரிய தலைகள் எல்லாம் கைதாகி, ஒருவழியாக 2020 அக்டோபர் 3 அன்று முதன்முதலாக நிஜ வெள்ளத்துக்கு எழுப்பினார்கள். அன்று சதுக்கம் நனையவில்லை.

ஆக, வண்டலைத் தடுத்தார்கள், கடலையும் தடுத்துப் பார்க்கிறார்கள். ஜனம் வெளியே போவதைத் தடுக்கத்தான் வழி தெரியவில்லை. 2021 ஆகஸ்ட் முதல் ராட்சத உல்லாசக் கப்பல்களை ஊர் நடுவே விடுவதில்லை. 2024 ஏப்ரல் 25 முதல், குறிப்பிட்ட நாட்களில் பகலில் மட்டும் வந்து போகிறவர்களுக்கு 5 யூரோ நுழைவுக் கட்டணம். 2025இல் கடைசி நேரத்தில் பதிவு செய்தால் 10 யூரோ. ஊருக்குள் ராத்திரி தங்குபவர்களுக்கு இது இல்லை. கட்டணத்துக்குப் பயந்து யாரும் வராமல் இருந்ததாகத் தெரியவில்லை, மிலானில் ஒரு பர்கர் விலைதானே!

ரியால்டோ மீன் பட்டியலை இங்கேதான் நினைத்துப் பார்க்க வேண்டும். மீன் விஷயத்தில் 'இவ்வளவுக்குக் கீழே கூடாது' என்று எல்லை வைக்கத் தெரிந்த ஊருக்கு, மனிதர் விஷயத்தில் 'இவ்வளவுக்கு மேலே கூடாது' என்று எல்லை வைக்க மனசு வரவில்லை. காரணம் எளிது. இப்போது நாம்தான் மிளகு.

கொஞ்சம் கணக்கு வழக்கு

அதற்காகப் போகவே கூடாது என்று சொல்ல மாட்டேன். எப்படிப் போவது என்பதில் வித்தியாசம் இருக்கிறது. விலைகள் 2025 நிலவரம், கிளம்பும் முன் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

1. இரண்டு ராத்திரியாவது தீவுக்குள்ளேயே தங்குங்கள். குடும்பம் இருந்த வீட்டை வாடகை அறையாக மாற்றிய இடத்தைவிட, பழைய சின்ன ஹோட்டல் மேல்.

2. வபொரெட்டோ ஒருமுறைக்கு 9.50 யூரோ, 75 நிமிஷம் செல்லும். மூன்று நாளுக்கு என்றால் பல நாள் பாஸ் எடுங்கள்.

3. கொண்டோலா பகலில் அரை மணிக்கு 90 யூரோ, படகுக்கு ஐந்து பேர் வரை. அது வேண்டாம் என்றால் திரகெத்தோ இருக்கிறது. பாலம் இல்லாத இடத்தில் கிராண்ட் கனாலைக் கடக்க, அதே மாதிரிப் படகு, இரண்டு யூரோ, இரண்டு நிமிஷம். ஆத்ம திருப்தி அதே அளவு.

4. சக்கரம் வைத்த பெரிய பெட்டி வேண்டாம். ஒவ்வொரு பாலமும் படிக்கட்டு.

5. சைவக்காரர்கள் கவலைப்பட வேண்டாம், ரியால்டோ பக்கத்தில் நின்றபடியே சாப்பிடும் சின்னச் சின்னப் பலகாரங்களில் காய்கறி, சீஸ் வகை கிடைக்கும். மீன் சேர்த்ததா என்று கேட்டு வாங்குங்கள்.

6. நவம்பர் அல்லது ஜனவரியில் போகிற வாய்ப்பு வந்தால் விடாதீர்கள். குளிர்தான். ஆனால் ஊர்க்காரர்கள் முகம் தெரியும்.

இரண்டாம் நாள் ராத்திரி பத்து மணிக்கு மேல், வரைபடத்தைப் பையில் போட்டுவிட்டு கன்னரேஜோ சந்துகளில் சும்மா நடந்து பாருங்கள். பயமில்லாத ஊர், கார் சத்தமும் கிடையாது. மேலே ஜன்னல்களைப் பார்த்துக்கொண்டே போங்கள். எதில் விளக்கு எரிகிறது, எதில் பாத்திரம் கழுவும் சத்தம் வருகிறது, எந்தக் கொடியில் பள்ளிக்கூடச் சட்டை காய்கிறது என்று எண்ணிக்கொண்டே நடங்கள். அரண்மனையில் இருநூறு ஓவியம் பார்த்ததைவிட அந்தக் கணக்கு உங்களுக்கு ரொம்ப நாள் ஞாபகம் இருக்கும்.